பதம் பார்த்த அகப்பை

பெரிய அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பை மேலாக இறங்கி ஒரு பருக்கையை எடுத்தது.

"வெந்தாச்சா?"

"இல்லீங்க. நடுவுல இன்னும் அரிசியாத்தான் இருக்கேன்."

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று அகப்பை தீர்ப்புச் சொன்னது. அடுப்பில் இன்னொரு விறகு ஏறியது.

"நாங்க எப்பவோ வெந்துட்டோம்! எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க!" என்று அடியில் கிடந்த பருக்கைகள் கதறின.

"கீழே யாரோ பேசுற மாதிரி இருக்கே?" என்றது அகப்பை.

"கொதிக்கிற சத்தங்க" என்றது மேல் பருக்கை.

இன்னொரு விறகும் ஏறியது.

தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அகப்பை முதல் தடவையாக அடிவரை இறங்கியது.

"வெந்தாச்சா?" என்று கேட்டது.

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.