கறுப்பு ஆந்தைக்குத் தடித்த எழுத்து

“ஒஃபேலியா, அந்தப் பேரைக் கொஞ்சம் சின்னதாப் போடேன்,” என்று கெஞ்சினான் எவரிஸ்தோ.

மறுநாள் காலையில் மெக்சிகோவின் ப்யூப்லா நகரத்துச் சுவர்களில் ஒட்டவேண்டிய, முகமூடி மல்யுத்தப் போட்டிக்கான சுவரொட்டி அது. அச்சுக்கூடத்தில் அவன் மனைவி, தானே புதிதாக மரத்தில் செதுக்கிய முரட்டு அச்செழுத்துகளில் ‘கறுப்பு ஆந்தை’ என்ற மல்யுத்த வீரனின் பட்டப்பெயரை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் செங்கல் தடிமன்.

“தோக்குறவன் முகமூடியைக் கழட்டணும்யா! ஆந்தையோட மூஞ்சியப் பாக்க ஊரே காத்துக்கெடக்கு. பொடி எழுத்துல போட்டா எவன் வருவான்?”

“வராட்டி நல்லதுதானே?” எவரிஸ்தோவுக்கு வியர்த்தது. “பாவம், அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா. அவளுக்கே தெரியாம மல்லுக்கட்டுறானோ என்னமோ!”

“தெரியாமலா?”

ஒஃபேலியா மைக்கறை படிந்த ஏப்ரன் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து அவன் மடியில் போட்டாள். இறகு தைத்த முகமூடி. சென்ற சண்டையில் கிழிந்த கண்ணோரத்தில் புதுத் தையல் போட்டிருந்தது.

“டாமினோ ஆடப் போறேன்னு போயி முதுகு வீங்கி வந்தா எவ நம்புவா? இந்த எழுத்த யாருக்காகச் செதுக்குனேன்னு நெனச்சே? ஜெயிச்சுட்டு வா. தோத்தே... அடுத்த சுவரொட்டியில இதே எழுத்துல உன் சொந்தப் பேருதான்!”