ஐஸில் வைத்த கரி

எண்பத்தேழாம் வருஷம் ஆடிப்பூரத் தேரன்னைக்கு, ஆண்டாள் கோயில் வாசலில் வேலுத்தாயே சொல்லக் கேட்டது இது.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் அவளும் இன்னும் மூன்று பெண்களும் கரி சுமந்தார்கள். புதிதாக வந்த நிலக்கரி லோடு தொட்டாலே உதிர்ந்தது. பாய்லரில் போட்டால் தூளெல்லாம் எரியாமல் அடுப்புக் கம்பி இடுக்கு வழியே கொட்டியது.

"கூடையோட வீசி எறியுதீக, அதான் தூளாகுது. சனிக்கிழமையோட நாலு பொம்பளைகளும் நின்னுக்கிடுங்க" என்றார் சூப்பர்வைசர் சடகோபன்.

பாய்லர்காரர் கண்ணுச்சாமி தினமும் சாயந்திரம் கரிக்கட்டி ஒன்றைப் பையில் கொண்டுபோவதை வேலுத்தாய் பார்த்துவிட்டாள்.

'களவாங்குறது ஒருத்தன், ஏச்சு வாங்குறது நாங்களா?'

சனிக்கிழமை காலையில் அவர் வேலைக்கு வந்ததும், சடகோபன் முன்னால் கேட்டில் வைத்தே பையைப் பிடுங்கினாள்.

"சார், பாருங்க இவரு லட்சணத்த!"

"ஏ தாயி, கீழ போட்டுறாத!"

"போடுவேன்! போட்டா என்னய்யா செய்வீரு?"

உள்ளிருந்த கட்டியை எடுத்து ஓங்கிப் போட்டாள். கட்டி பொலபொலவென்று மாவாய்ப் போனது. அவள் கை ஜில்லென்றிருந்தது.

கண்ணுச்சாமி அந்தத் தூளுக்கு முன்னால் குத்தவைத்தார்.

"பழைய லோடுல எடுத்த நல்ல கட்டி தாயி. ஏழு நாளா ராத்திரி தண்ணியில நனைச்சு மச்சானோட ஐஸ் கம்பெனியில உறைய வச்சு, பகல்ல இங்க உருக வச்சேன். பட்டாளத்துல, லடாக்குல பாத்தது. வெடிப்புக்குள்ள தண்ணி ஐஸா வீங்கும், உருகும், பொறவும் வீங்கும். எம்புட்டு கெட்டிக் கரியும் உதிர்ந்துரும். இந்த லோடும் தண்ணி உறையுற குளிரு ஊர்லருந்து வந்ததுதான். உங்க மேல தப்பில்லன்னு காட்ட, இன்னைக்கு சார் கையில குடுத்து நசுக்கிப் பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன்..."

சடகோபன் சிரித்தார். "ஐஸ்ல வச்சா கரி ஒடையுமாம்! என் கண்ணு முன்னால இவ எறிஞ்சா, தூளாச்சு. வேற சாட்சி எதுக்கு? கெளம்புங்கட்டி நாலு பேரும்!"

கண்ணுச்சாமி எழுந்து வேலுத்தாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"அவிய ஒண்ணும் செய்யல சார். அள்ளிப் போட லேசா இருக்கும்னு நான்தான் லோடு பூராத்தையும் சம்மட்டியால ஒடச்சேன்."

நாலு பேர் வேலையும் தப்பியது; அன்றைக்கே அவர் வேலை போனது. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர் திரும்பியே பார்க்கவில்லையாம்.

"அந்த சடகோபன் மேல இருக்குற கோவத்தக்கூட ஆத்திருவேன்க்கா. எம்மேல இருக்குறதுதான் ஆற மாட்டேங்குது" என்றாள் வேலுத்தாய். "நீங்க உள்ள போயி வெளக்குப் போடையில, கண்ணுச்சாமி அண்ணன் பேரையும் ஒருக்கச் சொல்லிருங்க."