டப்பாவைத் தேடி வந்தவங்க

மழைன்னா மழை, காடே குளிர்ல நடுங்குது! போன்ல மேப் பாத்துத் தேடுற விளையாட்டுக்காக யாரோ மரப்பொந்துல ஒளிச்சு வெச்ச டப்பா மட்டும் செம குஷியா இருந்துச்சு.

"டேய் அட்டைப்பூச்சி, என்னைத் தேடி ரெண்டு பேர் வர்றாங்க! இன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போயிடுவேன். உன்னை எவன்டா தேடுவான்?"

"என்னை யாருண்ணே தேடப் போறா?"ன்னு அட்டைப்பூச்சி நெளிஞ்சுது.

வந்தவங்க பொந்துல கைய விட்டாங்க. "கெடச்சிருச்சு!"ன்னு சேத்துல குதிச்சாங்க. டப்பாவோட செல்ஃபி எடுத்தாங்க. அப்புறம், அடுத்து தேடி வர்றவங்களுக்காக அதைப் பொந்துக்குள்ளயே வெச்சு, இலையால மூடிட்டுக் கிளம்பிட்டாங்க.

"ஐயோ, என்னை விட்டுட்டுப் போறீங்களே!"

தூரத்துல ஒருத்தரோட சாக்ஸுக்குள்ள இருந்து குரல் வந்துச்சு.

"அண்ணே, நான் அவங்க வீட்டுக்குத்தான் போறேன். ஏதாச்சும் சொல்லணுமாண்ணே?"