சரிவில் நின்ற கரவான்

முற்றத்தில் நின்ற கரவான், காரில் கொளுவி இழுக்கும் அந்த வீட்டு வண்டி, அன்றைக்கும் ஒரு சாண் இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பிரேபன் மணியை அடித்துவிட்டு, வாசலிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உங்கள் வண்டி வீதியைப் பார்த்து நகர்கிறது என்று டேனிஷில் அறிவித்தார்.

அந்தோனிதாசன் நெஞ்சில் கைவைத்துத் திடுக்கிட்டார். திடுக்கிடுவதில் அவருக்கு நல்ல பழக்கம். சில்லுக்கு வைத்த கட்டையை உருவியதும் கைபிறேக்கைத் தளர்த்தியதும் அவரேதான்.

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்து அந்தச் சரிவான தெருவில் காரணமில்லாமல் யாரும் யாருடைய மணியையும் அடிப்பதில்லை. மனைவி மேரிகிறேஸ் செத்துப்போன பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அவர் காத்திருந்து பார்த்தார். பார்சல்காரன்கூடப் படியில் வைத்துவிட்டு ஓடினான்.

வீதிக்கு இறங்கும் வண்டி என்றால் அது காரணம்.

ஆளைக் கொல்லும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. ஒரு சாண் கீழே, புல்லுக்குள், இரண்டாவது கட்டை ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். கரவான் அதில் முட்டி நிற்கும். இரண்டு கிழவரும் முக்கி முனகி அதை மேலே தள்ளுவார்கள். தள்ளிய மனிதனைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? தேத்தண்ணி குடித்த மனிதன் உடனே எழும்ப முடியுமா?

கேவலார் மாதா திருவிழாவுக்கு மேரிகிறேஸோடு போகவென்று வாங்கிய கரவான் அது. ஜெர்மனியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் சாண் சாணாக இறங்கிய தூரத்தையெல்லாம் ஒட்டிப் பார்த்தால், கேவலாருக்குப் போய், பூசை கண்டு, மெழுகுதிரியும் கொளுத்திவிட்டுத் திரும்பியிருக்கும்.

வண்டி மறுபடி இறங்கிய புதினத்தை அன்று பின்னேரம் கோப்பன்ஹேகனில் இருக்கும் மகள் கிளோறியாவுக்குப் பெருமையாகச் சொன்னார். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

“அப்பா, அது ஒருநாள் ஆரையாவது நசுக்கப்போகுது. பிறகு நீங்கள் ஜெயிலுக்குள்ளதான் இருந்து கதைக்கவேணும்.”

ஜெயிலில் கதைக்க ஆள் கிடைக்கும் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. என்றாலும் பயந்துவிட்டார். நசுங்குகிற ஆள் பிரேபனாக இருந்தால்?

கட்டையைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். கைபிறேக்கை முழுப்பலத்தோடு இழுத்தார். இரண்டாவது கட்டையைக் கொத்தி அடுப்புக்குள் போட்டார்.

கரவான் மலை மாதிரி நின்றது.

மழை தொடங்கியது. மணி அடிக்கவில்லை. இரண்டாவது கோப்பையைக் கழுவி, துடைத்து, அலுமாரிக்குள் வைத்தார். தொலைக்காட்சியில் காலநிலை சொல்கிற பெண்ணோடு வாக்குவாதப்பட்டார். நாலாம் நாள் அவள் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

மழை விட்ட ஒரு பின்னேரம் மணி அடித்தது.

பிரேபன். அதே இரண்டடி தள்ளி. வண்டி நகர்கிறது என்றார்.

அந்தோனிதாசன் இந்த முறை உண்மையாகவே திடுக்கிட்டார். செருப்பும் போடாமல் ஓடினார்.

கைபிறேக் தளர்ந்திருந்தது. அடித்து இறுக்கிய கட்டை சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கரவான் சரியாக ஒரு சாண் இறங்கி, புல்லுக்குள் கிடந்த ஒரு கட்டையில் முட்டி நின்றது. புதிதாக அறுத்த கட்டை. பைன் மர வாசம் இன்னும் போகவில்லை.

பிரேபனின் கம்பளிச் சட்டைக் கையில் மரத்தூள்.

அவர் வானத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் கேட்டார்.

“தேத்தண்ணி?”