ஏழாவது பிள்ளை

"எம்மவன் மட்டும் என்ன இளிச்சவாயனா? ஏழாவது பிள்ளைன்னா நடுரோட்டுல இறக்கி விட்டிருவீங்களோ?"

வார்த்தை மாறாமல் மூன்றாம் தடவையாகக் கேட்டாள் சுகன்யா. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அதே தெருவிலிருந்து பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டும் அகமது மீரான் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "நானா சொல்லுதேன்? புது விதி வருதுக்கா. ஆட்டோவுக்கு ஆறு பிள்ளைதான். உங்க மவன்தான கடைசியா சேந்தான்?"

"ஏசி ரூம்ல உக்காந்து விதி எழுதுதவனுக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரரு துபாய்ல. எனக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு, எட்டு மணிக்கு அங்கன நிக்கணும். பிள்ளை ஆத்துல நீந்தியா பள்ளிக்கூடம் போவான்?"

"இன்னும் வரைவுதான். வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல கருத்துக் கேக்காங்க. போய்ச் சொல்லுங்க."

"சொல்லாம விடுவேனா! நீங்களும் வாங்க மீரான்பாய். உங்க பிழைப்புலயும்தான மண்ணைப் போடுதாங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மீரான் சிரித்தார். வருவதாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ். இரண்டு பக்க ஆட்சேபணையோடு முதல் வரிசையைப் பிடித்தாள் சுகன்யா. பக்கத்தில் மீரான்.

அதிகாரி மகேஸ்வரன் மைக்கைத் தட்டினார். "இது நாங்களா யோசிச்சு எழுதின விதி இல்லை. ஒரு தபால் கார்டுல ஆரம்பிச்சது. அதைப் பாத்துத்தான் வண்ணார்பேட்டையில நின்னு ஆட்டோக்களை எண்ணினோம். மணல் மூட்டை ஏத்தி பிரேக் பிடிச்சுப் பாத்தோம். ஆறு பிள்ளை எடைக்கு மேல போனா வண்டி சொன்ன இடத்துல நிக்கலை."

கார்டை உயர்த்தி வாசித்தார்: "ஆட்டோக்களில் குழந்தைகளைப் புளிமூட்டை போல் அடைக்கிறார்கள். இன்று என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு குழந்தை பாதி வெளியே தொங்கிக்கொண்டு போனது. உங்களுக்கெல்லாம் பிள்ளைகளே கிடையாதா? இப்படிக்கு, ஒரு தாய்."

அரங்கு கைதட்டியது.

சுகன்யாவின் ஆட்சேபணை நாலாக மடிந்து பைக்குள் போனது. போன வருஷம் மகனை அவளே ஸ்கூட்டரில் கொண்டுவிட்ட நாட்களில், ஆத்திரத்தில் கிறுக்கிய கார்டு அது. ஒருத்தன் உட்கார்ந்து படிப்பான் என்று யார் கண்டது!

"இந்த அம்மா வந்திருந்தா கொஞ்சம் எழுந்து நில்லுங்க. பாராட்டணும்."

சுகன்யா மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்தாள்.

மீரான் அவள் பக்கம் சாய்ந்தார். "கார்டைப் பெட்டியில போடச் சொல்லி எங்கிட்டதானக்கா குடுத்தீங்க? வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். அன்னைக்கு என் வண்டியில பதினோரு பிள்ளை. பைய எந்திரிங்கக்கா."