மிலென்கோவின் கடைசி ஓட்டம்

ஒல்லாந்துக்காரர்கள் தங்கள் சுக்கான்காரனின் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றினார்கள். கையிலும் காலிலுமாகப் பிடித்து, நன்றாக ஊஞ்சலாட்டி, தேம்ஸ் ஆற்றுக்குள் எறிந்தார்கள்.

கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. எறியப்பட்டவன் தண்ணீருக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே எழும்பினான்.

வென்ற படகின் சுக்கான்காரனுக்குச் செய்யும் மரியாதை இதுதான்.

தோற்ற படகின் சுக்கான்காரன் பாலேந்திரா. அவன் பட்னி இறங்குதுறையில், ஒரு மயிர் நனையாமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு நீந்தத் தெரியாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தவன். அவனுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, கிணறென்றால் வாளி. ஆனால் இலங்கை என்று கேட்டதுமே படகுக் கழகத் தலைவர், தீவிலிருந்து வந்தவனிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்பதும் ஒரு கேள்வியா என்று தானே சொல்லித் தானே சிரித்தார். பாலேந்திராவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான்.

கழகத்தின் மதுச்சாலையில் கிளாஸ் கழுவ வந்தவனை, ஐம்பது கிலோவும் தேறாத அந்த உடம்பு படகுக்குப் பாரமில்லை என்பதற்காகவே சுக்கானில் இருத்தினார்கள். லண்டன் ஸ்ட்ரெதம் பகுதியில் அண்ணையின் கடையில் அந்தப் பெட்டியைத் தூக்கு, இந்தப் பெட்டியை இறக்கு என்று எல்லோரும் அவனுக்குச் சொல்வார்கள். படகில் அவன் சொன்னான், துடுப்புப் பிடித்த எட்டு மலைகள் அசைந்தன. அந்த ருசியை விட யாருக்குத்தான் மனம் வரும்? பயத்தை அடக்கிக்கொண்டு கோடை முழுவதும் படகில் கிடந்தான்.

அந்த எட்டு மலைகளில் மூத்தது மிலென்கோ.

பெல்கிரேடில், சாவா ஆற்றில், மீசை அரும்பும் வயதில் துடுப்புப் பிடித்தவன். நெஞ்சில் யூகோஸ்லாவியா என்று எழுதிய பனியனோடு மியூனிக், லூசேர்ன், சியோல் என்று தண்ணீர் இருந்த இடமெல்லாம் போய்த் துடுப்பு வலித்தவன். இரண்டாமிடம் வந்தான், மூன்றாமிடம் வந்தான், ஒருமுறை மயிரிழையில் நான்காமிடம் வந்தான். முதலிடம் மட்டும் அவனோடு கோபமாகவே இருந்தது.

பிறகு நாடு உடைந்தது. மிஞ்சிய நாட்டின் பெயரில் யாரும் படகு இறக்கக் கூடாது என்று தடை வந்தது. மிலென்கோ லண்டனுக்கு வந்து கட்டட வேலையில் சேர்ந்தான். விடியற்காலையில் இந்தக் கழகத்துக்காக வலித்தான். எந்த நாடு என்று யாராவது கேட்டால் அவனும் பாலேந்திராவும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பாலேந்திரா வெறும் 'பால்'. பாலேந்திரா என்று முழுசாகக் கூப்பிட்டவன் மிலென்கோ ஒருவன்தான்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டின் அந்தச் சனிக்கிழமை தனது கடைசி ஓட்டம் என்று மிலென்கோ சொல்லியிருந்தான். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, வைத்தியர் போதும் என்றுவிட்டார். ஒல்லாந்து, ஜெர்மனிப் படகுகளும் வருகின்ற போட்டி. ஒரேயொரு முதலிடத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் அவனுடைய ஆசை.

மத்தியானம், வேறொரு ஓட்டம் முடிந்ததும், வென்றவர்கள் தங்கள் சுக்கான்காரனை ஆற்றில் எறிவதைப் பாலேந்திரா வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு நீந்தத் தெரியாது, எறிந்துவிடாதீர்கள் என்று ஒரு வசனம். எட்டு மலைகளுக்குக் கட்டளை போடுகிறவன் அதை எப்படிச் சொல்வது? வெட்கம் விடவில்லை.

கடைசி ஓட்டத்தில் அவர்களுடைய படகுதான் முன்னால் போனது. முடிவுக் கோடு தெரிந்தது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பாலேந்திரா பக்கத்தில் ஓடுகின்ற மண்ணிறத் தண்ணீரைப் பார்த்தான்.

கை தவறியது என்று சொன்னால் அது பொய். சுக்கான் கயிற்றை இழுத்தான். ஒரு விரற்கடைதான். படகு வேகமான நீரோட்டத்தை விட்டு விலகியது, ஒல்லாந்துப் படகு அதற்குள் நுழைந்தது. ஒரு கை நீளத்தில் தோற்றார்கள்.

பாலத்தடிச் சுழிதான் படகைத் தள்ளிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். யார் வந்தாலும் அதில் மாட்டித்தான் ஆகவேண்டும் என்று அவனுக்கே ஆறுதல் சொல்லி முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் ஒவ்வொரு அங்குலமாகக் குறுகினான். நீந்தத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டவன், இப்போது அதைவிடப் பெரிய வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

கரையிலிருந்து கமெராவும் கையுமாக அண்ணை இராஜேந்திரன் இறங்கி வந்தான்.

"நல்லகாலம் தோத்தியள் தம்பி! வெண்டிருந்தால் உன்னையுமெல்லோ தூக்கி எறிஞ்சிருப்பாங்கள்."

பாலேந்திரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு யாருக்கும் தமிழ் விளங்காது என்பது மட்டும்தான் அப்போது அவனுக்கிருந்த ஒரே நிம்மதி.

மற்றவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மிலென்கோ மட்டும் முதுகைப் பிடித்தபடி, மெல்ல மெல்ல நடந்து அவனிடம் வந்தான். ஏசுவான் என்று பாலேந்திரா காத்திருந்தான். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. மிலென்கோ தன் உடைந்த ஆங்கிலத்தில், நாளைய வானிலையைச் சொல்வதுபோல், தணிவாகச் சொன்னான்.

"காலையிலேயே பையன்களிடம் சொல்லிவிட்டேன். வென்றால் பாலேந்திராவை எறியக் கூடாது. அவனுக்குப் பதில் நான் குதிப்பேன்."

தோளில் ஒருமுறை கையை வைத்தான். பிறகு உடை மாற்றப் போய்விட்டான்.

எனக்கு நீந்தத் தெரியாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று பாலேந்திரா கேட்கவில்லை. படகில் மற்ற ஏழு பேருக்கும் தெரிவது முன்னால் இருப்பவனின் முதுகுதான். மிலென்கோ ஒருவனுக்குத்தான் சுக்கான்காரனுக்கு நேரெதிரே ஆசனம். முழங்காலோடு முழங்கால் முட்டுகிற தூரத்தில், அவனுடைய முகத்தையும், சுக்கான் கயிறு பிடித்த கைகளையும் பார்த்தபடியே கோடை முழுவதும் வலித்தவன்.

இன்றைக்கும் அப்படித்தான் வலித்தான்.