ஒண்ணுகூட

"கேக்குதா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க சயாமா. கேக்கலேன்னா பெத்த அப்பா மாதிரி வச்சுப் பார்த்துக்கிறேன். கேட்டுக்கிட்டே நடிக்கிறாருன்னா, நாளைக்கே மோல்மீன் பஸ். மக வீட்டுல போய் இருக்கட்டும்!"

அனு பொரிந்து தள்ளினாள். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பாத பெண். பாதி தமிழ், பாதி பர்மி, முழுக்கக் கோபம்.

பக்கத்தில் மாமனார் நல்லப்பன், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னம்மா செய்யறாரு?" என்றாள் ஜாஸ்லின். ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது அவள் வேலை; பர்மியில் 'சயாமா' என்றால் டாக்டரம்மா மாதிரி ஒரு மரியாதை.

"ராத்திரியானா ரேடியோ. தாமுவே பேட்டை முழுக்கக் கேக்கும். கரண்ட் போனாலும் விடமாட்டாரு, பேட்டரி போட்டு அலறவிடுவாரு. கொஞ்சம் குறைங்க மாமான்னா..."

"ஆங்?" என்றார் நல்லப்பன்.

"இதான்! இதேதான் சயாமா!"

ஜாஸ்லினுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தமிழில் ஒரு காது சோதனை உண்டாக்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்.

"எல்லாருக்கும்தான் பர்மி தெரியுமே, தமிழ்ல எதுக்கு?" என்று பெரிய டாக்டர் சிரித்தார்.

"பர்மியில கேட்டுத் தோத்தா, அது காதோட கோளாறா பாஷையோட கோளாறான்னு எப்படி டாக்டர் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் வேறு, 'ஒன்று, இரண்டு' என்று சுத்தத் தமிழில்தான் பதிய வேண்டும் என்றார்கள்.

"உங்க வீட்டுல யாரு அப்படி எண்ணுறா?" என்று கேட்டுவிட்டு, 'ஒண்ணு, ரெண்டு' என்றே பதிந்தாள். பின்னால் பபேடான் தெரு இரைச்சலையும் ஜெனரேட்டர் சத்தத்தையும் சேர்த்தாள். இரைச்சலுக்கு நடுவே மும்மூன்று எண்கள் வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சோதனையைச் சரிபார்க்க நல்ல காதுக்காரர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். மந்தக் காதுதான் கிடைக்கவில்லை. இதோ, நல்லப்பன் வகையாய் வந்து மாட்டினார்.

அனுவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

'ரெண்டு, அஞ்சு, ஏழு.'

"மூணு, ஆறு, எட்டு," என்றார் நல்லப்பன்.

'நாலு, ஒண்ணு, மூணு.'

"அஞ்சு, ரெண்டு, நாலு."

பாவம் மனுஷன், ஒண்ணுகூடச் சரியில்லையே! ஜாஸ்லின் இரைச்சலைக் குறைத்தாள். தப்பு. இரைச்சலை அடியோடு நிறுத்தினாள். அப்போதும் தப்பு.

அவளுக்குச் சுருக்கென்றது. முழுச் செவிடனுக்குக்கூடக் குருட்டாம்போக்கில் ஒன்றிரண்டு சரியாக வருமே?

விடைகளை இன்னொரு தரம் பார்த்தாள். அட ஆண்டவரே!

இந்தத் தடவை, எண்கள் அவள் காதுக்கே எட்டாத அளவு இரைச்சலை ஏற்றினாள்.

'எட்டு, ரெண்டு, ஆறு.'

"ஒம்பது, மூணு, ஏழு," வந்தது பதில்.

ஜாஸ்லின் ஹெட்போனை வெடுக்கென்று கழற்றினாள்.

"எல்லாத்துக்கும் ஒண்ணு கூட்டிச் சொல்றீங்க. அத்தனையும் தப்பாச் சொல்லணும்னா அத்தனையும் காதுல விழணும் பெரியவரே! உங்க காது என் காதைவிட நல்லா இருக்கு. அந்தப் பொண்ணை ஏன் இப்படிப் படுத்துறீங்க?"

நல்லப்பன் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"செவிடுன்னு எழுது."

"முடியாது. ஊரையே எதிர்த்து உண்டாக்கின சோதனை இது. இதுல பொய் எழுத மாட்டேன்."

"அப்ப மெதுவாப் பேசு. வெளிய கேட்டுடப் போகுது." குரலைத் தாழ்த்தினார். "எங்க வீடு ஒத்தை ரூம். நடுவுல சுவர் கிடையாது, ஒரு சேலையைத்தான் கட்டி விட்டிருக்கு. அந்தப் பக்கம் புதுசாக் கல்யாணமான ரெண்டு. இந்தப் பக்கம் நான்."

ஜாஸ்லின் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வந்த புதுசுல அந்தப் புள்ள வாயே தொறக்காது. சிரிப்பு வந்தாலும் தலகாணியால வாயைப் பொத்திக்கும். மாமனாரு கேட்டுடுவாரேன்னு பயம். எனக்குக் காது போச்சுன்னு நானே கிளப்பிவிட்டேன். அப்புறம்தான் அதுங்க வீடு வீடாச்சு. பேசுது, சண்டை போடுது, என்னைத் திட்டவும் திட்டுது. திட்டட்டுமே! அதுங்க பேச்சு என் காதுல விழக்கூடாதுன்னுதான் ரேடியோ. இந்தப் பாழாப்போன காது அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டுத் தொலைக்குது, நான் என்ன செய்ய?"

"மக வீட்டுக்கே போயிடலாமே?"

"மோல்மீன்ல என்ன மாளிகையா கட்டி வச்சிருக்கு? அங்கேயும் ஒத்தை ரூம்தான். அங்கேயும் சேலைதான்."

ஜாஸ்லின் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, நல்லப்பன் சொன்ன விடைகளை மொத்தமாக அழித்தாள். டாக்டரிடம் காட்ட ஓர் ஆள் குறையும். குறையட்டும், சிரிக்கிறவர் சிரிக்கட்டும்!

கதவைத் திறந்ததும் அனு எழுந்து ஓடிவந்தாள்.

"கேக்குதா, கேக்கலையா சயாமா?"

"மெஷின் வச்சாலும் பிரயோஜனமில்லைம்மா. ரேடியோவாவது கேட்டுட்டுப் போகட்டும், விட்டுடுங்க."

அனுவின் கோபம் பொசுக்கென்று இறங்கியது. மாமனாரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜாஸ்லினின் காதோரம் குனிந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்ப நாங்க ராத்திரியில பேசுறது, சிரிக்கிறது... கொஞ்சம்கூடவா கேக்காது?"

பொய்யே எழுத மாட்டேன் என்றவள், கண் இமைக்காமல் சொன்னாள்.

"ஒண்ணுகூட."